பொம்மைகள் சொன்ன உண்மை

இறப்பு நேர்ந்த வீட்டில் குழந்தை ஒன்று, "தாத்தா எங்கே?" என்று கேட்கும்போது நாம் என்ன மறுமொழி கூறுகின்றோம்? "ஊருக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார்" என்கின்றோம். அல்லது கையில் மிட்டாயைக் கொடுத்து அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றோம். அதனைத் துயரத்தினின்று காப்பதாக எண்ணித் துயரத்தோடு தனியே விட்டுவிடுகின்றோம். இதே கேள்வியை அமெரிக்க நாட்டுப் பொம்மைத் தொடர் ஒன்று எதிர்கொண்ட விதம் நம் சிந்தனைக்கு உரியது.

'செசமி ஸ்ட்ரீட்' என்னும் அத்தொடர் 1969 நவம்பர் 10 அன்று தொடங்கியது. அதனைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர் ஜோன் கான்ஸ் கூனி அம்மையார். கத்தோலிக்கராக வளர்ந்த இவர், மேரினோல் சபைக் குரு ஜேம்ஸ் கெல்லர் அடிகளார் தொடங்கிய 'கிறிஸ்டோபர்கள்' இயக்கத்தால் தூண்டப்பெற்றவர். நல்லெண்ணம் கொண்டோர் சமூகத் தொடர்புச் சாதனங்களை விட்டு ஒதுங்கினால் அவை மற்றவர் கைக்குப் போய்விடும் என்று அடிகளார் எச்சரித்திருந்தார். ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வருமுன்பே எழுத்திலும் எண்ணிலும் பின்தங்கிவிடுகின்றனரே, இக்குறையைத் தொலைக்காட்சியால் போக்க இயலாதா என்று கூனியும் உளவியலாளர் லாயிட் மாரிசெட்டும் வினவினர். அவ்வினாவின் விடையே இத்தொடர்.

கற்பனைப் பொம்மைகளையும் உண்மை மனிதரையும் ஒரே காட்சியில் கலந்தால் குழந்தைகள் குழம்புவர் என்று அறிஞர் சிலர் முதலில் அறிவுரை கூறினர். ஆனால் 1969 கோடையில் நிகழ்ச்சியைச் சிறுவர்களிடம் காட்டிச் சோதித்தபோது, மனிதர் மட்டும் தோன்றிய தெருக் காட்சிகளில் அவர்களின் கவனம் சிதறியது. பொம்மைகள் வந்ததும் கண்கள் திரும்பின. எனவே ஜிம் ஹென்சன் பொம்மைகளைத் தெருவிலேயே குடியேற்றினார். அவற்றுள் ஒன்றுதான் 'பிக் பேர்டு' என்னும் எட்டடி உயர மஞ்சள் பறவை. கரோல் ஸ்பின்னி என்ற கலைஞர் அதனுள் நின்று, வலக் கையைத் தலைக்குமேல் உயர்த்திப் பறவையின் தலையை இயக்குவார். வெளியே பார்க்க இயலாமையால், மார்பில் கட்டிய சிறு திரையைப் பார்த்தே நடப்பார். மந்தமான நாட்டுப்புறத்தானாக அமைக்கப்பட்ட அப்பறவையை, எல்லாவற்றையும் கேட்டறியத் துடிக்கும் குழந்தையாக மாற்றியவரும் அவரே.

அத்தெருவின் கடைக்காரர் ஹூப்பர். அவர் பெயரைப் பறவை எப்போதும் தவறாகவே சொல்லும். அவரும் ஓயாது திருத்துவார். அவ்வேடத்தில் நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்தார். வேறொருவரை நடிக்க வைத்திருக்கலாம். வெளியூர் போய்விட்டதாகவும் சொல்லியிருக்கலாம். தயாரிப்பாளர்களோ உளவியலாளரோடு கலந்தாய்ந்து உண்மையைச் சொல்லத் துணிந்தனர். நோயால் இறந்தார் என்றால் சிறு காய்ச்சலுக்கும் குழந்தை அஞ்சும் என்பதால், இறப்பின் காரணத்தை மட்டும் தவிர்த்தனர். பெற்றோர் வீட்டில் உடனிருக்க வேண்டும் என்று கருதி, 1983 நவம்பர் 24, நன்றியறிதல் நாளன்று அதனை ஒளிபரப்பினர்.

தான் வரைந்த ஓவியங்களைப் பெரியவர்களுக்குக் கொடுத்துவரும் பறவை, ஹூப்பரின் படத்தோடு அவரைத் தேடுகின்றது. அவர் இறந்துவிட்டார் என்று நினைவூட்டுகின்றனர். அப்படியானால் பிறகு கொடுக்கிறேன் என்கின்றது பறவை. இறந்தவர் திரும்பி வருவதில்லை என்று அவர்கள் மெல்ல எடுத்துரைக்கின்றனர். ஏன் இப்படி நிகழவேண்டும் என்று அது கேட்கும்போது, எந்தப் பெரியவரும் பொய்யான காரணம் புனையவில்லை. இப்படித்தான் என்ற அளவில் நிறுத்திக்கொண்டு அருகே நின்றனர். நடிகர்களின் கண்ணீர் மெய்யானது. கடைசியில் பறவை அப்பெயரை மீண்டும் தவறாகச் சொல்ல, மற்றவர்கள் திருத்துகின்றனர். நிகழ்ச்சியின் முடிவில் பிறந்த குழந்தை ஒன்றைக் காண்கின்றது பறவை.

1990 மே மாதம் ஹென்சன் மறைந்தபோது, நியூயார்க்கின் பேராலயத்தில் நடந்த நினைவு வழிபாட்டில் அதே பறவை நின்று பாடி விடைகொடுத்தது. 2002-இல் தென்னாப்பிரிக்கப் பதிப்பில், எச்.ஐ.வி. கிருமியுடன் வாழும் 'காமி' என்ற சிறுமிப் பொம்மை தோன்றியது. அந்நாட்டுக் குழந்தைகள் வீட்டில் கண்டும் கேட்க அஞ்சியதை அப்பொம்மை வாய்விட்டுப் பேசியது.

அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இத்தொடர் அன்போடு நினைக்கப்படுவது ஏன்? வண்ணமும் பாட்டும் வேறு தொடர்களிலும் உண்டு. இத்தொடரோ குழந்தையை உண்மைக்குத் தகுதியுள்ள ஆளாக மதித்தது. அடுத்தமுறை ஒரு குழந்தை, "தாத்தா எங்கே?" என்று கேட்டால், அதன் கையைப் பற்றிக்கொண்டு உண்மையைச் சொல்வோம், நமக்கும் விடை தெரியாத இடத்தில், அதனோடு சேர்ந்து அமைதியாய் இருப்போம்.