பொருத்து வீடும் கடன் நிபந்தனையும்: தீவக வீடமைப்பு நிதி குறித்த ஒரு மறுவாசிப்பு

போருக்குப் பின் இலங்கையின் வடக்கு கிழக்கில், முன்தயாரித்த இரும்புப் பாகங்களால் ஆன பொருத்து வீடுகள் குறித்து எழுந்த சர்ச்சையை ஆய்வாளர் பெரும்பாலும் இரும்புக்கும் கல்லுக்கும் இடையிலான வழக்காகவே எழுதிவந்துள்ளனர். வெக்கை, உப்புக்காற்றில் துருப்பிடித்தல், உள்ளூர் மேசன்மாரின் வேலையிழப்பு ஆகியவையே அவர்களின் சான்றுகள். அவை தவறல்ல. ஆனால் அவ்வீடுகளுக்காக அரசு முன்வைத்த 65,000 வீட்டுத் திட்டத்தின் உயிர்நிலை கட்டுமானப் பொருளில் இல்லை. கேள்வி கோரலில் இருந்த நிதி நிபந்தனையில் இருந்தது.

நிர்மாணிப்பவரே நீண்டகாலக் கடனையும் ஒழுங்குசெய்ய வேண்டும். அரசு பின்னர் திருப்பிச் செலுத்தும். இதுவே நிபந்தனையின் சாரம். வெறுங்கையோடு நின்ற திறைசேரிக்கு வேறு வழியிருக்கவில்லை என்று கூறி முந்தைய ஆய்வு இதைத் தாண்டிச் செல்கிறது. என் வாசிப்பு வேறு. வெளிநாட்டு வங்கிக் கடனைத் திரட்ட இயலாத எந்த உள்ளூர் ஒப்பந்தகாரரும் கூட்டுறவுச் சங்கமும் இந்த ஒரு வரியால் வாசலிலேயே நிறுத்தப்பட்டனர். ஆர்செலர்மிட்டல் போன்ற பன்னாட்டு நிறுவனம் தேர்வானதில் வியப்பில்லை. பொதுக் கடன் நிதியொன்று முதலில் வீட்டுக்கு விலை வரம்பிட்டு, பிறகு கடன் தரலாம். இங்கோ கடனும் பண்டமும் ஒரே கையிலிருந்து வந்தன. விலையைக் கேள்வி கேட்க இடையில் எவருமில்லை. வீடொன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா என்ற கணக்கு அப்படித்தான் பிறந்தது. இந்திய வீட்டுத்திட்டம் கொடுத்ததோ 5.5 இலட்சம். தளபாடமும் சூரிய மின்கலமும் சேர்ந்த விலை என்பர். நான்கு மடங்கு இடைவெளியை அவை நிரப்பா. அரசிடம் பணமில்லை என்ற வாதமும் நெடுநேரம் நிற்காது: கடனை அடைக்கப்போவது அதே அரசுதான்.

ஆகவே, கட்டுபவருக்குக் கடன் கொடுப்பதே பிழை, பயனாளி தானே கட்டுவதே சரி என்று பலர் முடித்துவிடுகிறார்கள். அவசர முடிவு. யாழ்ப்பாணத் தீவகத்திலுள்ள நாரந்தனையை எடுத்துக்கொள்வோம். 1990இன் இடப்பெயர்வுக்குப் பின் தீவகத்தில் காணியின் உறுதி கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இருக்க, வளவில் குடியிருப்பவர் உறவினராகவோ பராமரிப்பவராகவோ இருப்பது வழமை. இந்திய வீட்டுத்திட்டம் போன்றவை காணி உரித்துக்கு ஆவணம் கேட்டன. உறுதியில்லாதவர் பட்டியலில் ஏறுவது கடினம். ஏறியவருக்கும் சீமெந்தும் மணலும் பண்ணைப் பாலம் தாண்டி வரவேண்டும். உதவித்தொகையோ பெருநிலத்துக்கும் தீவுக்கும் ஒன்றுதான். உரிமையாளரே கட்டும் முறை உரிமையாளர் ஊரில் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறது.

இங்கு வேண்டியது காணியை நீண்ட குத்தகைக்கு எடுத்து, பொது நிதியில் கடன்பெற்று, கட்டி வாடகைக்கு விடும் ஓர் உள்ளூர் அமைப்பு. சட்டத்துக்கு இது புதிதன்று. 1954ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தேசிய வீடமைப்புச் சட்டம் நிதியொன்றை ஏற்படுத்தியதோடு கட்டடச் சங்கங்களுக்கும் இடமளித்தது, இன்றைய எச்.டி.எஃப்.சி. வங்கியே 1984இல் அச்சட்டத்தின் கீழ் கட்டடச் சங்கமாகத்தான் தோன்றியது. அதே ஆண்டு தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத்திட்டம் தனித்தனிக் குடும்பங்களுக்குச் சிறுகடன் வழங்கும் பாதையில் கவனத்தைத் திருப்பிவிட்டது. சங்க வழி தோற்றதென்று அதைக்கொண்டு சொல்வதற்கில்லை. யுத்தம் சூழ்ந்த வடக்கில் அதற்கு நியாயமான சோதனையே கிடைக்கவில்லை என்பதே பொருந்தும்.

புலம்பெயர்ந்த உரிமையாளர் குத்தகைக்கு இணங்குவாரா என்பதுதான் உண்மையான சிக்கல். பத்து ஆண்டுத் தடையற்ற ஆட்சியால் காணி கைமாறிவிடுமென்ற அச்சமே வளவுகளைப் பூட்டிவைத்திருக்கிறது. ஆனால் பதிவுசெய்த குத்தகையின் கீழ் இருப்பவர் உரிமையாளரின் அனுமதியோடு இருப்பவர்; அவரது இருப்பு எதிராட்சி ஆகாது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையின் முன்கொள்வனவு உரிமையும் விற்பனைக்கே எழுவது, குத்தகையை அது தொடாது என்றே கொள்ளலாம். வாய்ப்பேச்சில் உறவினரைக் குடியிருத்தி வைத்திருப்பதைவிட, சங்கத்தோடு எழுதும் குத்தகை உரிமையாளருக்கே பாதுகாப்பானது.