இருட்டுச் சவாரிகள்

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஜவ்வாது மலையின் அடிவாரப் பகுதியில் அமைந்துள்ள ஊர் கணியம்பாடி. இவ்வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால், பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நடைபெறுவது வழக்கம். சிறு வயதில் அக்கூத்தைக் காணப் பாயும் போர்வையுமாகப் புறப்பட்டுச் சென்று, துரியோதனன் வேடம் கட்டி வருவதற்குள் உறங்கிவிட்டவர்களுள் நானும் ஒருவன். தம் காலத்தில் தீவட்டி வெளிச்சத்தில் கூத்து நடந்தது என்று என் பாட்டனார் சொல்லுவார். நான் கண்டது பெட்ரோமாக்ஸ் விளக்கின் கீழ். இன்றைய மாணவர்கள் காண்பதோ மின்விளக்கும் ஒலிபெருக்கியும் கூடிய கூத்து. கதை அதே பாரதக் கதைதான். ஆயினும் கட்டியங்காரன் அதனிடையே அவ்வாண்டின் அரிசி விலையையும் ஊர்ச் சண்டையையும் புகுத்திவிடுவான். பழைய கதையும் புதிய பேச்சும் ஒரே மேடையில் நிற்பதில் நம் மக்கள் எந்த முரண்பாட்டையும் கண்டதில்லை.

மாணவ நேயர்களே, இருளில் காட்டப்படும் காட்சிகள் காலப்போக்கில் எவ்வாறு மாறுகின்றன என்பதற்கு மேல்நாட்டிலிருந்து ஓர் உதாரணத்தை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். அங்குள்ள கேளிக்கைப் பூங்காக்களில் ஒருவகைச் சவாரி உண்டு. ஒரு சிறு வண்டியிலோ படகிலோ நம்மை அமர்த்தி, இருண்ட கட்டடத்துக்குள் செலுத்துவார்கள். வளைந்து வளைந்து செல்லும் வழியில் பொம்மைகளும் ஓவியங்களும் ஒளியும் ஒலியும் ஒரு கதையைச் சொல்லும். சில நிமிடங்களில் வெளிச்சத்துக்கு வந்துவிடுவோம். இதனை இருட்டுச் சவாரி என்று அழைப்போம்.

கூத்தில் நாம் அமர்ந்திருக்கிறோம். கதை நம்முன் வந்து ஆடுகிறது. இருட்டுச் சவாரியிலோ கதை நின்ற இடத்தில் நிற்கிறது. நாம் அதனூடே செல்கிறோம். இது நமக்கு முற்றிலும் புதிய முறையன்று. காஞ்சிபுரம் வைகுந்தப் பெருமாள் கோயிலின் பிராகாரத்தைச் சுற்றி நடந்தவர்கள், எட்டாம் நூற்றாண்டுச் சிற்பிகள் பல்லவ மன்னர்களின் வரலாற்றைச் சுவர் நெடுகச் செதுக்கி வைத்திருப்பதைக் கண்டிருப்பார்கள். நடக்க நடக்க வரலாறு விரியும். நம் முன்னோர் கால்நடையாகச் செய்ததை, மேல்நாட்டார் சக்கரம் பூட்டிச் செய்தனர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

அமெரிக்காவில் பஃபலோ நகரில் 1901ஆம் ஆண்டு ஒரு பெரிய பொருட்காட்சி நடைபெற்றது. குடியரசுத் தலைவர் மெக்கின்லி சுடப்பட்டது அங்கேதான் என்பதை வரலாற்று மாணவர்கள் அறிவார்கள். அதே பொருட்காட்சியில் ஃபிரெடெரிக் தாம்சன் என்பவர் "நிலவுக்கு ஒரு பயணம்" என்ற காட்சியை அமைத்தார். சிறகுள்ள கப்பல் ஒன்றில் மக்கள் ஏறி அமர, கப்பல் ஆட, காற்று வீச, திரையில் பூமி சுருங்கி மறையும். இறங்கினால் நிலவுலகம்! அங்கே வேடமிட்ட நிலவு மனிதர்கள் பாலாடைக்கட்டித் துண்டுகளை நீட்டுவார்கள். நிலவே பாலாடைக்கட்டியால் ஆனது என்ற மேல்நாட்டுக் கேலியை ஒட்டிய விருந்து அது.

அதே 1901ஆம் ஆண்டில் பிட்ஸ்பர்க் நகருக்கு அருகிலுள்ள கென்னிவுட் பூங்காவில் "பழைய ஆலை" என்னும் நீரோடைச் சவாரி தொடங்கிற்று. இருண்ட கால்வாயில் படகு மெல்ல மிதந்து செல்லும். ஆங்காங்கே காட்சிகள் தென்படும். இத்தகைய சவாரிகளில் இளங்காதலர்கள் கூட்டமாக ஏறினர் என்றும், அவர்கள் காட்சிகளை அவ்வளவாகக் கவனித்ததில்லை என்றும் சொல்வதுண்டு. அது நமக்கு வேண்டாத விஷயம்.

நீரோடை அமைப்பதற்குச் செலவு மிகுதி. அச்செலவைத் தாங்க இயலாத லியோன் காசிடி என்ற நியூஜெர்சிக்காரர், 1928ஆம் ஆண்டில் ஒற்றைத் தண்டவாளத்தில் மின்சாரத்தால் ஓடும் சிறு வண்டியை அமைத்தார். அவ்வண்டி இருட்டில் எந்தப் பக்கம் திரும்பும் என்று ஏறியவருக்குத் தெரியாது. அதற்கு "பிரெட்சல்" என்று பெயர் வந்தது. பிரெட்சல் என்பது நம் முறுக்கைப் போன்ற ஒரு தின்பண்டம். மலிவான இந்த முறுக்குச் சவாரி நாடெங்கும் பரவிற்று. 1930இல் இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரை அடைந்தபோது, பிரெட்சல் என்ற பெயர் அந்நாட்டாருக்கு விளங்கவில்லை. அப்போது புகழ்பெற்றிருந்த ஒரு நாடகத்தின் பெயரைக் கடன் வாங்கி, "பேய் ரயில்" என்று பெயரிட்டனர். நம் ஊர்ப் பொருட்காட்சிகளில் "பேய் வீடு" என்று பலகை மாட்டிக் காசு வாங்குகிறார்களே, அதனை இந்தப் பேய் ரயிலின் ஏழை உறவினர் என்று கொள்ளலாம்.

1955ஆம் ஆண்டு வால்ட் டிஸ்னி கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து பூங்காவைத் திறந்தபோது, இருட்டுச் சவாரி கதை சொல்லும் கலையாக உயர்ந்தது. அதிலும் ஒரு சிக்கல் எழுந்தது. "ஸ்நோ ஒயிட்" சவாரியில் ஸ்நோ ஒயிட் என்ற அரசகுமாரியின் உருவமே இல்லை! வண்டியில் அமர்ந்திருப்பவரே அரசகுமாரி. காட்டையும் சூனியக்காரியையும் அவள் கண்களால் நாம் காண்கிறோம் என்பது அமைத்தவர்களின் எண்ணம். நுட்பமான எண்ணந்தான். ஆனால் மக்களுக்கு அது விளங்கவில்லை, "அரசகுமாரி எங்கே?" என்று கேட்டார்கள். 1983இல் சவாரியைப் புதுப்பித்தபோது அவள் உருவத்தை உள்ளே வைத்தார்கள். 2021இல் மீண்டும் மாற்றியபோது, சூனியக்காரியின் அச்சத்தைக் குறைத்து, மங்களமான முடிவைப் பெரிதாக்கினார்கள். ஆக, ஒரே கதை மூன்று தலைமுறைக்கு மூன்று விதமாகச் சொல்லப்பட்டது.

மாறாத ஒன்றையும் சொல்லவேண்டும். இரவில் வேலூரிலிருந்து பேருந்தில் செல்லும்போது சன்னல் கண்ணாடியை உற்று நோக்குங்கள். வெளியே இருள், உள்ளே விளக்கு. உங்கள் முகம் வெளியே வயல் வரப்பின்மீது மிதந்து வருவதுபோல் தோன்றும். மரமும் தெரியும், அதன் ஊடே உங்கள் முகமும் தெரியும். இந்த எளிய உண்மையைப் பயன்படுத்தி, 1862ஆம் ஆண்டு லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் மேடையில் ஆவி தோன்றச் செய்தார். மேடைக்கு முன்னே சாய்ந்த பெரிய கண்ணாடி. கீழே மறைவிடத்தில் ஒளியூட்டப்பட்ட நடிகர். அவ்வளவே. 1969இல் டிஸ்னிலாந்தில் திறக்கப்பட்ட "பேய் மாளிகை"யில் ஆவிகள் நடனமாடும் பெருங்கூடத்துக்கும் இதே கண்ணாடித் தந்திரந்தான் அடிப்படை. நூற்றேழு ஆண்டுகளுக்குப் பின்னும் அதற்கு மேலான வழி தேவைப்படவில்லை.

சில மாற்றங்கள் துயரத்திலிருந்து பிறந்தன. 1979ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் இரவு, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலிருந்த லூனா பூங்காவில் பேய் ரயில் தீப்பற்றி எரிந்தது. அறுவர் சிறுவர், ஒருவர் அவர்களுள் இருவருக்குத் தந்தை, ஆக எழுவர் மாண்டனர். 1984ஆம் ஆண்டு மே மாதம் நியூஜெர்சியில் ஒரு பேய்க் கோட்டை எரிந்தது. அது வண்டியில் செல்லும் சவாரியன்று. நடந்து செல்லும் காட்சி. எட்டு இளைஞர்கள் வெளிவர வழியறியாது உயிரிழந்தனர். எளிதில் தீப்பற்றும் பொருள்கள் உள்ளே இருந்தன; தானே நீர் தெளிக்கும் கருவிகள் இல்லை. வழி தெரியாமல் திகைப்பதுதான் இக்கேளிக்கையின் இன்பம். அந்தத் திகைப்பே தீ நேரத்தில் எமனாயிற்று. அதன் பின்னர், இத்தகைய கட்டடங்களில் புகையை உணரும் கருவியும் நீர்த்தெளிப்பானும் இருத்தல் வேண்டும் என்ற விதிகள் அமெரிக்காவில் ஏற்பட்டன. இன்று அங்கே இருட்டுச் சவாரியில் ஏறுபவர் கண்ணுக்குப் புலப்படாத அந்தக் குழாய்களை நினைப்பதில்லை. அவற்றுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட விலையை நாமேனும் நினைத்துப் பார்ப்போம். நம் ஊர்ப் பேய் வீடுகளில் தகரமும் துணியுமாகக் கட்டி, ஒரே வாயில் வைத்திருப்பதைக் காணும்போது எனக்கு உள்ளே நுழைய மனம் வருவதில்லை.

இனி, மனச்சான்றினால் நேர்ந்த மாற்றத்துக்கு வருவோம். என் கருத்தில் இதுவே இவ்வரலாற்றின் முக்கியமான பகுதி.

1967ஆம் ஆண்டு மார்ச் மாதம் டிஸ்னிலாந்தில் "கரீபியன் கடற்கொள்ளையர்" என்ற படகுச் சவாரி தொடங்கிற்று. வால்ட் டிஸ்னி அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார். கொள்ளையர் ஒரு துறைமுக நகரைச் சூறையாடுவது கதை. உயிருள்ளவைபோல் அசைந்து பாடும் இயந்திர மனிதர்கள் அதில் நிறைந்திருந்தனர். காட்சிகள் பலவற்றைத் தீட்டிய மார்க் டேவிஸ் தேர்ந்த கலைஞர். அவற்றுள் ஒன்று ஏலக் காட்சி. நகரத்துப் பெண்களைக் கயிற்றால் கட்டி நிறுத்தி, மணமகள் என்று பலகை தொங்கவிட்டுக் கொள்ளையர் ஏலம் கூறுவார்கள். மற்றொன்றில் கொள்ளையர் பெண்களைத் துரத்திக்கொண்டு வட்டமாக ஓடுவார்கள். படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முப்பது ஆண்டுகள் சிரித்தார்கள்.

1997இல் துரத்தும் காட்சி மாற்றப்பட்டது. கொள்ளையர் துரத்துவது பெண்களையன்று, அவர்கள் கையிலுள்ள உணவுத் தட்டுகளையே என்று ஆயிற்று. இது அரைகுறையான திருத்தம் என்று பலர் கேலி செய்தனர். அக்கேலியில் நியாயம் உண்டு. 2018இல் ஏலக் காட்சியும் மாறிற்று. ஏலத்தில் விற்கப்படுவது இப்போது ஊராரிடம் கொள்ளையடித்த பொருள். ஏலத்தில் நின்ற செந்நிறக் கூந்தற்பெண் தானே துப்பாக்கி ஏந்திய கொள்ளைக்காரியாகி அங்கே நிற்கிறாள்.

"கொள்ளையர் கொடியவர்கள்தாமே, அவர்கள் கொடுமையைக் காட்டினால் என்ன தவறு?" என்று சிலர் வாதிட்டனர். இதற்கு விடை கணியம்பாடிப் பக்கத்துக் கூத்து மேடையில் இருக்கிறது. அங்கேயும் ஒரு பெண் சபையிலே இழுத்து வரப்பட்டு, துகில் உரியப்படுகிறாள். அக்காட்சியை நீக்கவேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. ஏன்? அங்கே கூட்டம் சிரிப்பதில்லை. பாஞ்சாலி விரித்த கூந்தலோடு சபதம் செய்கையில், பாயில் அமர்ந்திருக்கும் கிழவிகள் கண்ணீர் விடுகிறார்கள். துச்சாதனனுக்குச் சாபம் கொடுக்கிறார்கள். கொடுமை அங்கே கொடுமையாகவே காட்டப்படுகிறது. பதினெட்டு நாட் போருக்கு அது வித்தாகிறது. படகுச் சவாரியிலோ கொடுமை வேடிக்கையாகக் காட்டப்பட்டது. மக்கள் மறுக்கத் தொடங்கியது காட்சியை அன்று. அதனோடு சேர்த்துத் தங்களிடம் கேட்கப்பட்ட சிரிப்பைத்தான்.

இதே படகுச் சவாரியில் 2006ஆம் ஆண்டு இன்னொரு மாற்றமும் நேர்ந்தது. சவாரியை வைத்து எடுத்த திரைப்படம் வெற்றி பெறவே, அதன் நாயகன் ஜாக் ஸ்பாரோவின் உருவத்தைச் சவாரிக்குள் மூன்றிடங்களில் வைத்தார்கள். இது மனச்சான்றினால் வந்த மாற்றமன்று; வியாபாரம். இரண்டையும் ஒன்றாகக் கருதி, மாற்றம் என்றாலே நல்லது என்பாரும், மாற்றம் என்றாலே கேடு என்பாரும் உளர். இருவரும் பிரித்தறியத் தவறுகிறார்கள்.

1989இல் தோன்றிய "ஸ்பிளாஷ் மலை" என்ற சவாரியின் வரலாறு இன்னும் விசித்திரமானது. அது 1946ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றின் கதையை அடிப்படையாகக் கொண்டது. அமெரிக்கத் தென்பகுதித் தோட்டங்களில் கறுப்பின மக்கள் கவலையற்று வாழ்ந்ததுபோல் அப்படம் காட்டிற்று என்று, வெளிவந்த காலத்திலேயே கண்டனம் எழுந்தது. நிறுவனமும் 1986க்குப் பின் அப்படத்தை அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியிடவில்லை. படத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டு, அதிலுள்ள முயலையும் நரியையும் மட்டும் சவாரியாக்கினார்கள். 2023இல் சவாரி மூடப்பட்டு, அடுத்த ஆண்டு டியானா என்ற கறுப்பின இளவரசியின் கதையோடு திறக்கப்பட்டது. நீர் அதே நீர், சரிவும் அதே சரிவு.

மாற்றத்தை எதிர்ப்பவர்களின் பக்கமும் ஒரு சொல் உண்டு. 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகப் பொருட்காட்சியில், ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதிக்காக அமைக்கப்பட்ட படகுச் சவாரி ஒன்றில், உலகக் குழந்தைகளின் பொம்மைகள் ஒரே பாட்டைப் பாடின. மேரி பிளேர் என்ற ஓவியரின் வண்ணங்களால் அது சிறந்தது. பின்னர் அது டிஸ்னிலாந்துக்கு வந்தது. 2009இல் அப்பொம்மைகளின் நடுவே நிறுவனத்தின் திரைப்படப் பாத்திரங்களைச் செருகியபோது, அவ்வோவியரின் குடும்பத்திலிருந்தே எதிர்ப்பு எழுந்தது. அவ்வெதிர்ப்பை நான் மதிக்கிறேன். 2022இல் சக்கர நாற்காலியில் அமர்ந்த இரு பொம்மைகளை அங்கே சேர்த்தார்கள். உலகக் குழந்தைகள் யாவரும் என்று பாடும் சவாரியில் அவர்களும் இருப்பது அவ்வோவியரின் கருத்துக்கு மாறானது என்று எனக்குத் தோன்றவில்லை.

பழைய நூல் ஒன்றில் ஏற்க இயலாத பகுதி இருந்தால், முன்னுரை எழுதி நூலகத்தில் வைக்கலாம். ஐந்து வயதுக் குழந்தை ஏறி அமரும் படகுக்கு முன்னுரை எழுத இயலாது. ஆதலின் அங்கே காட்சியைத்தான் திருத்த வேண்டியுள்ளது. திருத்துமுன் பழைய காட்சியின் ஓவியங்களையும் படச்சுருளையும் பாதுகாத்தல் வேண்டும். பின்வரும் ஆராய்ச்சியாளருக்கு அவை சான்றாகும்.

தொடக்கத்தில் கூறிய கென்னிவுட் பூங்காவின் பழைய ஆலை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 1974இல் அது நகைச்சுவைப் பேய்ச் சவாரியாக மாறி, வாயில் நுழையாத நீண்ட பெயர் ஒன்றைப் பெற்றது. 2004இல் கார்ஃபீல்டு என்ற கேலிச்சித்திரப் பூனை குடிபுகுந்தது. ஏறுபவர்களுக்குத் தனி மூக்குக்கண்ணாடியும் கொடுத்தார்கள். பழமையை விரும்பியவர்கள் பொருமினார்கள். 2020இல் பூனை வெளியேறிற்று. "பழைய ஆலை" என்ற பெயர் திரும்ப வந்தது. நம் பழைய சவாரி மீண்டும் வந்தது என்று மகிழ்ந்து படகேறியவர்களை, மேற்கத்தியக் குதிரைக்காரர் காலத்து எலும்புக்கூடுகள் வரவேற்றன. அவை 1901ஆம் ஆண்டில் அங்கே இருந்தவையல்ல. அப்போதுதான் புதிதாகச் செய்து வைத்தவை.