இசைக்கருவிகளின் பாகுபாடும் சமூக வரலாறும் – தமிழ் மரபு பற்றிய சில குறிப்புகள்

1

இசைக்கருவிகளைப் பற்றிக் கற்கத் தொடங்கும் மாணவர் முதலில் எதிர்கொள்வது ஒரு பாகுபாட்டினையே. தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி எனக் கருவிகள் நான்காக வகுக்கப்படும். மனிதரது மிடற்றையும் ஒரு கருவியாகக் கொண்டு ஐந்தாகக் கூறுவதும் உண்டு. ஒவ்வொரு வகைக்கும் இரண்டு மூன்று எடுத்துக்காட்டுகள் தரப்பட்டதும் பாடம் நிறைவெய்திவிடும். ஆயின், பாகுபாடு என்பது வெறும் அட்டவணையன்று. எதனை எதனோடு சேர்ப்பது, எதனை எதிலிருந்து விலக்குவது, எதனை முதலில் வைப்பது என்னும் வினாக்களுக்கு ஒரு சமுதாயம் அளிக்கும் விடையே பாகுபாடாக அமைகின்றது.

தமிழ் மரபிலே இசைக்கருவிகள் இருவேறு அளவுகோல்களால் வகுக்கப்பட்டுள்ளன. கருவி எப்பொருளாற் செய்யப்பட்டது என்பது ஓர் அளவுகோல். அது எங்கே ஒலிக்கத் தகுதியுடையது, எவர் கைக்குரியது என்பது மற்றொன்று. முன்னையது நமது பாடநூல்களில் நிலைத்துவிட்டது. பின்னையது நூல்களிலே கண்ணிற் படாதிருப்பினும் வாழ்க்கையில் இன்றுவரை தொழிற்பட்டு வருகின்றது. இவ்விரண்டுக்குமிடையிலான உறவினை வரலாற்று நிலைநின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

பொருளை அடிப்படையாகக் கொண்ட நால்வகைப் பாகுபாடு தமிழுக்கு மட்டும் உரியதன்று. வடமொழி நாட்டிய சாத்திரம் தத, சுஷிர, அவநத்த, கன என நரம்பு, துளை, தோல், கஞ்சம் ஆகிய நான்கையும் வகுத்துள்ளது. மேனாட்டவர் நெடுங்காலமாக நரம்புக்கருவி, ஊதுகருவி, தட்டுகருவி என மூன்றாகவே வகுத்து வந்தனர். வங்காளத்துச் சௌரிந்திர மோகன் தாகூர் 1876 ஆம் ஆண்டிலே பெல்ஜிய மன்னருக்கு இந்திய இசைக்கருவிகளின் தொகுதியொன்றை அன்பளிப்பாக அனுப்பினார். அது புறூசெல்ஸ் இசைக்கல்லூரி அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அதன் காப்பாளராகவிருந்த மஹில்லோன் 1880 இல் வெளியிட்ட விவரப்பட்டியலில் நால்வகைப் பாகுபாட்டினையே கையாண்டார். அதனை விரித்து ஹோர்ன்பொஸ்ரெல், சக்ஸ் ஆகிய இருவரும் 1914 இல் வெளியிட்ட முறையே உலகெங்கும் இன்று ஆய்வாளர் கைக்கொள்ளும் அடிப்படையாக உள்ளது.

இம்முறையின் சிறப்பு யாதெனில், ஒலி எவ்வாறு பிறக்கின்றது என்பதைத் தவிர வேறெதனையும் அது வினவுவதில்லை. இழுத்துக் கட்டிய தோல் அதிர்ந்து ஒலியெழுப்புமாயின் அது தோற்கருவி. அரங்கில் ஒலிக்கும் மிருதங்கமும், கோயில் வீதியில் ஒலிக்கும் தவிலும், இழவு வீட்டில் ஒலிக்கும் பறையும் இந்நோக்கில் ஒரே குலத்தன. இதனைக் கற்பிக்கும் நாம் அம்மூன்றையும் ஒரே வரிசையில் எழுதுகிறோம்; அம்மூன்றும் சமுதாயத்தில் ஒருபோதும் ஒரே வரிசையில் வைக்கப்படாமை பற்றிப் பேசுவதில்லை.

3

பழந்தமிழ் இலக்கியங்களில் இவ்வரிசை எவ்வாறிருந்தது? தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைத் தொகுக்குமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையினையும் யாழினையும் சேர்த்துக் கூறுகின்றது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை எனப் பிற்காலத்தார் இதனை விரித்துரைத்தனர். இப்பெயர்கள் கருவியின் வடிவத்தையன்றி உழைப்பினைச் சுட்டுவன என்பது மனங்கொள்ளத்தக்கது. ஏறு தழுவும்போது முழங்குவது ஏறுகோட்பறை. நெல்லரியும்போது முழங்குவது நெல்லரிகிணை. உற்பத்தியோடும் கூட்டு வாழ்வோடும் பிணைந்தனவாகவே கருவிகள் அன்று அறியப்பட்டன.

பறை என்பது அன்று ஒரு தனிக்கருவியின் பெயராக மட்டுமன்றித் தோற்கருவிகள் பலவற்றுக்கும் பொதுப்பெயராகவும் வழங்கியது. சொல்லுதல் என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. யாழ்ப்பாணப் பேச்சுவழக்கிலே ‘பறைதல்’ என்பது பேசுதலைக் குறிப்பதை நாம் அறிவோம். செய்தியைச் சொல்லும் கருவியும் சொல்லும் செயலும் ஒரே சொல்லால் வழங்கியமை அக்கருவியின் பழைய பணியினை உணர்த்துகின்றது.

மலைபடுகடாம் தன் தொடக்கத்திலே கூத்தர் சுமந்து செல்லும் கருவிகளை நிரல்படக் கூறுகின்றது. முழவு, ஆகுளி, பதலை ஆகிய தோற்கருவிகளும், கோடு, தூம்பு, குழல் ஆகிய துளைக்கருவிகளும், கஞ்சத்தாலான பாண்டிலும் பலாக்காய்க் குலைபோலப் பைகளிற் கட்டப்பட்டு ஒரே கூட்டத்தாராற் சுமக்கப்படுகின்றன. இன்ன கருவி உயர்ந்தது, இன்ன கருவி தாழ்ந்தது என்னும் பேச்சு அங்கில்லை.

எனினும், சங்ககாலத்தைச் சமத்துவப் பொற்காலமாகக் காட்ட முயல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. புறநானூற்றின் 335 ஆம் பாடல் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வரையன்றி வேறு குடியில்லை என்று கூறுவது உண்மையே. ஆயின் அதே தொகையின் 287 ஆம் பாடல் துடி கொட்டுபவனைப் புலையன் என்றும், கோல் கொண்டு முழக்குபவனை இழிசினன் என்றும் விளிக்கின்றது. முரசுக்குத் தனிக் கட்டிலிட்டு அதனைத் தெய்வமாக வழிபட்ட வேந்தரின் காலத்திலேயே, தோலைத் தொட்டு முழக்கிய கைகளிற் சில இழிந்தவையாகக் கருதப்படத் தொடங்கிவிட்டன. கருவியின் மதிப்பும் அதனை இயக்குவோன் மதிப்பும் ஒன்றிலிருந்து ஒன்று பிரியத் தொடங்கிய நிலை இது.

4

இப்பிரிவு முழுமையான ஒரு கோட்பாடாக உருப்பெற்றமையைச் சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையிற் காணலாம். பேரிகை, படகம், இடக்கை, உடுக்கை, மத்தளம் எனத் தொடங்கித் தோற்கருவிகளின் நீண்ட பட்டியலொன்றை அவர் தருகின்றார். அதன்பின் அவற்றை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு, புறப்புறமுழவு, பண்ணமை முழவு, நாண்முழவு, காலைமுழவு என ஏழாக வகுக்கின்றார். இவற்றுள் முதல் மூன்றும் முறையே உத்தமம், மத்திமம், அதமம் என்னும் தரத்தின. மத்தளம், சல்லிகை, இடக்கை, கரடிகை, பேரிகை, படகம், குடமுழா ஆகியன உத்தமம். தண்ணுமை, தக்கை, தகுணிச்சம் முதலியன மத்திமம். கணப்பறை முதலியன அதமம். இம்மூன்றுக்கும் அப்பால், புறத்துக்கும் புறமாக நிற்பது நெய்தற்பறை.

நெய்தற்பறை என்பது சாப்பறை. புறநானூற்றின் 194 ஆம் பாடல், ஒரு மனையில் நெய்தற்பறை ஒலிக்க மற்றொரு மனையில் மணமுழவு ஒலிப்பதை அருகருகே வைத்து உலகின் இயல்பினைக் காட்டுகின்றது. பக்குடுக்கை நன்கணியார் என்னும் அப்புலவருக்கு அவ்விரண்டும் ஒரே ஊரின் இரண்டு ஒலிகள். பல நூற்றாண்டுகளின் பின்வந்த உரையாசிரியரின் வைப்புமுறையிலோ ஒன்று அகத்துக்கும் மற்றையது புறப்புறத்துக்கும் உரியதாயிற்று. தோல் மாறவில்லை, ஒலி பிறக்கும் முறையும் மாறவில்லை. இடையில் மாறியது சமுதாயமே.

அகம், புறம் என்னும் சொற்கள் இங்கு இலக்கியப் பொருளில் வழங்கவில்லை. அவை ஏறத்தாழ இடத்தினைச் சுட்டும் சொற்களாகிவிட்டன. சோழப் பேரரசின் கோயில் சார்ந்த சமூக அமைப்பினை நினைவிற் கொள்வோர்க்கு இது வியப்பளிக்காது. 1010 இல் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலிலே திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வதற்கு 48 பேரும், உடுக்கை வாசிப்பவர் ஒருவரும், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவருமாக 50 பேரை இராசராசன் அமர்த்தியதைக் கல்வெட்டு கூறுகின்றது. கருவியாளர்க்கு நெற்கூலியும் நிலையான இடமும் கிடைத்தன. அவ்வேற்பாட்டினுள் இடம்பெற்ற கருவிகள் உயர்ந்தன. வெளியே நின்றவை தாழ்ந்தன. கோயில் மதிலானது கருவிகளையும் இரண்டாகப் பிரித்தது எனலாம்.

5

நரம்புக்கருவிகளின் வரலாறும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. 21 நரம்புடைய பேரியாழ், 19 நரம்புடைய மகரயாழ், 14 நரம்புடைய சகோடயாழ், 7 நரம்புடைய செங்கோட்டியாழ் எனப் பேசப்பட்ட யாழ் வகைகள் யாவும் வழக்கொழிந்தன. ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்னும் அமைப்புடைய வில்வடிவ யாழினால், மெட்டுகளின்மேல் நரம்பை அழுத்தியும் இழுத்தும் கமகம் காட்டவல்ல வீணையோடு போட்டியிட இயலவில்லை என்பர். தருமபுரத்திலே சம்பந்தரின் பதிகத்தைத் தம் யாழில் அமைக்க முடியாது திருநீலகண்ட யாழ்ப்பாணர் கருவியை உடைக்க ஓங்கினார் என்னும் பெரியபுராணச் செய்தி இந்த நெருக்கடியின் நினைவாகவும் இருக்கலாம். நான்காம் நூற்றாண்டில் சமுத்திரகுப்தனின் நாணயத்திலே அரசன் மடியில் வீற்றிருந்த வில்வடிவ வீணை வட இந்தியாவிலும் மறைந்தது. ஆகவே யாழின் மறைவுக்குச் சாதியொன்றே காரணம் எனக் கூறல் பொருந்தாது.

அதேவேளை, தொழில்நுட்பம் மட்டுமே காரணம் என்பதும் பொருந்தாது. அதே குடும்பத்தைச் சேர்ந்த சவுங் என்னும் வில்யாழ், அரசவையின் ஆதரவு பெற்ற பர்மாவிலே அழியாது இன்றும் இசைக்கப்படுகின்றது. தமிழகத்தில் யாழைக் கையில் வைத்திருந்தோர் பாணர். அவர்களின் நிலை யாதாயிருந்தது? திருநீலநக்கர் இல்லத்திலே யாழ்ப்பாணருக்கும் அவர் மனைவியார்க்கும் வேள்வி வேதியின் அருகே இடமளிக்கப்பட்டதனைப் பெரியபுராணம் ஓர் அற்புதத்தோடு இணைத்துக் கூறுகின்றது. பாணருக்குத் தங்க இடங்கொடுத்தல் அற்புதம் தேவைப்படும் செயலாகியிருந்தது என்பதே அதன் சமூகப் பொருள். கருவியைக் காக்க வேண்டியவர்க்கே இடமில்லாதபோது கருவிக்கு இடம் எங்ஙனம் வாய்க்கும்?

6

மறைந்த யாழை மீட்டவர் நமது மண்ணிலே காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர். விஞ்ஞானப் பட்டதாரியும் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியருமான அவர், அரங்கேற்று காதையின் குறிப்புகளைச் சிற்பச் சான்றுகளோடும் ஒலியியற் கணிதத்தோடும் இணைத்து இயற்றிய யாழ் நூல் 1947 யூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச்சங்கம் அதனை வெளியிட்டது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். உரைகளின் இருண்ட பகுதிகளை எண்களால் ஒளிபெறச் செய்த அந்நூலின் பெருமையை எவரும் மறுக்கவியலாது.

ஆயினும் அப்பெருமையினூடே ஒரு வினாவும் எழுகின்றது. எவரும் இசைத்துக் கேளாத யாழ் நமது தொன்மையின் சின்னமாயிற்று. யாழ்பாடி ஒருவன் பரிசிலாகப் பெற்ற நிலம் என்னும் மரபினாலே ஒரு நகரின் பெயரோடும் அது இணைந்துள்ளது. அதே அரங்கேற்று காதை உரையிலே யாழோடு பேசப்பட்ட பறையோ ஊர்தோறும் ஒலித்துக்கொண்டிருந்தது. அதன் அடவுகளைக் கேட்டெழுத அறிந்தோர் உயிரோடிருந்தனர். இறந்த கருவி ஆராய்ச்சிக்குரியதாயிற்று. உயிருள்ள கருவி இழவுக்குரியதாகவே விடப்பட்டது. இது தனியொருவரின் குறையன்று. மறுமலர்ச்சிக் காலக் கல்வியாளரின் பொதுநோக்கு அத்தகையதாயிருந்தது.

7

பறையின் அண்மைக்கால வரலாறு இருவேறு திசைகளிற் செல்கின்றது. 1966 ஒக்டோபர் எழுச்சியும் 1968 மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசமும் நிகழ்ந்த காலத்து யாழ்ப்பாணத்திலே, பறையடித்தல் சாதியடிமைத் தொழிலின் அடையாளமாக இருந்தது. அதனைக் கைவிடுதல் தன்மானத்தின் வெளிப்பாடு. தமிழகத்திலும் பலர் அவ்வாறே மறுத்தனர். மாறாக, 1990களிலிருந்து தமிழகத் தலித் இயக்கங்கள் அதே கருவியை விடுதலையின் குரலாக மேடையேற்றின. இவை ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினும் இரண்டும் எதிர்ப்பது ஒன்றனையே: கருவியைப் பிறப்போடு பிணைக்கும் கட்டாயத்தை. ‘நமது பாரம்பரியக் கலை அழிகிறதே’ எனக் கவலையுறும் அறிஞர், அதனை யார் சுமக்கவேண்டுமென எதிர்பார்க்கின்றனர் என்பதையும் கூறவேண்டும்.

உயர்ந்ததெனக் கொள்ளப்படும் கருவியிலும் இப்பிணைப்பு மறைந்து கிடக்கின்றது. மிருதங்கத்தின் முகங்களுக்கு மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் வேண்டும். அதன் வலந்தலையிற் பூசப்படும் கரும்பசையே முழக்கத்தை இசைத்தன்மையுடைய ஒலியாக்குகின்றது என்பதைச் சி. வி. இராமன் 1920 இல் விளக்கினார். அத்தோலைப் பதமாக்கி, அப்பசையை அடுக்கடுக்காகத் தேய்த்துச் சுருதி சேர்ப்போருள் தலித் கிறித்தவக் குடும்பத்தினர் பலர். இவர்கள் வரலாற்றைப் பாடகர் ரி. எம். கிருஷ்ணா 2020 இலேயே ஒரு நூலாக எழுதினார். அரங்கில் வாசிப்போன் கலைஞன். வாசிக்கத்தக்கதாக அதனை ஆக்கியோன் தொழிலாளி. அகமுழவு, புறமுழவு என்னும் பழைய கோடு இப்போது ஒரே கருவியின் ஊடாகச் செல்கின்றது.

8

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவது யாதெனில், இசைக்கருவிகளைக் கற்பித்தல் ஒலியியலோடு நின்றுவிடலாகாது என்பதே. தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்னும் பாகுபாடு விஞ்ஞான நெறிப்பட்டது. அதனை நாம் கைவிடவேண்டியதில்லை. ஆயின் அவ்வட்டவணையில் இன்னும் மூன்று நிரல்கள் சேர்க்கப்படல் வேண்டும்: அக்கருவியைச் செய்தவர் யார், இசைத்தவர் யார், அது எவ்விடத்தில் ஒலிக்க மறுக்கப்பட்டது. அம்மூன்று நிரல்களையும் நிரப்பும் மாணவன் தோற்கருவிகளின் பட்டியலை மட்டுமன்றித் தன் சமுதாயத்தின் வரலாற்றையும் கற்றவனாவான். உரையாசிரியர் புறப்புறத்தே நிறுத்திய பறையை ஏனைய முழவுகளோடு ஒரே வரிசையில் வைத்துப் பயில்வது கலைக்குச் செய்யும் சலுகையன்று. வரலாற்றுக்குச் செய்யும் நீதி.