சூரியன் எரிவது நெருப்பாலா?

தொழுகை நேரம் முதல் நோன்பு திறக்கும் நேரம் வரை நம் நாளைச் சூரியனை வைத்தே வகுத்துக்கொள்கிறோம். அந்தச் சூரியன் எப்படி எரிகிறது என்று பிள்ளைகள் கேட்டால், 'அது ஒரு நெருப்புப் பந்து' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது நெருப்பல்ல. அதற்கான சாட்சி விழுப்புரம் மாவட்டத்திலேயே கிடக்கிறது.

மயிலத்துக்குப் பக்கத்தில் திருவக்கரையில் கல்மரப் பூங்கா இருக்கிறது. அங்கே கல்லாகிக் கிடக்கும் மரங்களின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். மரம் வளர வெயில் வேண்டும். ஆகவே அப்போதும் சூரியன் இருந்திருக்கிறது. சூரியன் முழுவதும் நிலக்கரியாக இருந்து இதே அளவு வெப்பம் தந்திருந்தால், சில ஆயிரம் ஆண்டுகளிலேயே தீர்ந்துபோயிருக்கும்.

சூரியன் தன் எடையால் மெல்லச் சுருங்குகிறது, அதனால்தான் வெப்பம் பிறக்கிறது என்று 19ஆம் நூற்றாண்டில் கெல்வின் பிரபு போன்றோர் கருதினார்கள். அந்தக் கணக்கில் கிடைப்பது இரண்டு மூன்று கோடி ஆண்டுகள். திருவக்கரை மரங்களுக்கு அது போதும். அரியலூர்ப் பாறைகளுக்குப் போதாது. அங்கே கிடைக்கும் கடல் உயிரினப் படிவங்கள் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை.

விடை அணுவுக்குள் இருந்தது. 1920இல் எடிங்டன் அதைச் சுட்டிக்காட்டினார். 1939இல் ஹான்ஸ் பெத்தே அது நடக்கும் வழிகளை விளக்கினார். சூரியனின் மையத்தில் வெப்பம் சுமார் 1.5 கோடி டிகிரி. அங்கே நான்கு ஹைட்ரஜன் அணுக்கருக்கள் படிப்படியாகச் சேர்ந்து ஒரு ஹீலியம் அணுக்கரு ஆகின்றன. சேர்ந்தபின் எடை சற்றுக் குறைகிறது: ஒரு கிலோவுக்கு 7 கிராம். காணாமல்போன அந்த எடைதான் வெயிலாக வருகிறது. ஒவ்வொரு நொடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. 40 லட்சம் டன்னுக்கும் மேல் ஆற்றலாக மாறுகிறது.

அப்படியானால் ஏன் ஒரேயடியாக வெடித்துவிடவில்லை? எனக்கு மிகவும் வியப்பளிப்பது இதுதான். இரண்டு புரோட்டான்கள் மோதும் அந்தக் கணத்திலேயே அவற்றில் ஒன்று நியூட்ரானாக மாற வேண்டும். அது மிக மிக அரிது. ஒரு புரோட்டான் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் காத்திருக்கிறது. அதனால் மையத்திலேயே ஒரு கன மீட்டரில் பிறக்கும் ஆற்றல் நான்கு மின்விசிறிகளை ஓட்டத்தான் போதும். சூரியனின் வலிமை வேகத்தில் இல்லை, பருமனில் இருக்கிறது. 460 கோடி ஆண்டுகளாக எரிந்தும், இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளுக்கு அதில் எரிபொருள் உண்டு.

ஹீலியத்தை மனிதன் முதலில் கண்டதே சூரியனில்தான். 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தின்போது, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் சூரிய விளிம்பின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார்கள். அந்த ஒளியில் இருந்த ஒரு மஞ்சள் கோடு சோடியத்தினுடையதல்ல, புதிய தனிமத்தினுடையது என்று பின்னர் லாக்கியர் முடிவுசெய்தார். பூமியில் அது கிடைத்தது 1895இல். இன்று சூரியனைக் கவனித்துவரும் ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநராக இருந்தவர், செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி என்பதை நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இரும்பும் சூரியனில்தான் உருவாகிறது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. நம் சூரியன் இப்போது ஆக்குவது ஹீலியம். முதுமையில் கார்பனும் ஆக்ஸிஜனும் ஆக்கும். அதற்கு மேல் போக அதன் எடை போதாது. இரும்பு உருவாவது சூரியனைவிடச் சுமார் எட்டு மடங்குக்கு மேல் எடையுள்ள விண்மீன்களின் இறுதிக் கட்டத்திலும், விண்மீன்கள் வெடிக்கும்போதும். அல்ஹதீத் அத்தியாயம் (57:25) இரும்பு இறக்கப்பட்டதாகக் கூறுவதைச் சிலர் இதனுடன் இணைக்கிறார்கள். படைத்து அளிக்கப்பட்டது என்று பொருள் கொண்ட விரிவுரையாளர்களும் உண்டு. இரண்டில் எதைக் கொண்டாலும், சூரியனை இரும்பு உலையாக்க வேண்டியதில்லை. சூரிய ஒளியில் இரும்பின் கோடுகள் தெரிவது உண்மை. ஆனால் அந்த இரும்பு, சூரியன் பிறப்பதற்கு முன்பே மடிந்த விண்மீன்களிடமிருந்து வந்தது. நம் இரத்தத்தில் ஓடுவதும் அதே இரும்புதான்.