புயலுக்குப் பின்: மொத்தக் கணக்கும் தனிக்கணக்கும்

புயல் கரையைக் கடந்ததும் கணக்கெடுப்பு தொடங்கும். இறந்தவர் எத்தனை பேர், இடிந்த வீடுகள் எத்தனை, சாய்ந்த மரங்கள் எத்தனை? கணக்கு முடிந்தால் நிவாரணம் வரும். அதன் பிறகு ஒவ்வொரு குடும்பமும் எப்படி மீண்டது என்பதை யார் பார்ப்பது? இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் விடை தேடிய இடம் நாகப்பட்டினம். காரணம் புயல் அல்ல, சுனாமி.

2004 டிசம்பர் 26 அன்று நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தனர். நாலாபக்கமும் இருந்து உதவி குவிந்தது. யாரும் எடுக்காத பழைய துணிகள் சாலையோரம் மலைபோல் கிடந்தன. படகு இழந்தவருக்குப் படகு தரப் பலர் முன்வந்தார்கள். ஆனால் மீன் விற்றுப் பிழைத்த பெண்ணுக்கு? உப்புநீர் புகுந்த வயலில் கூலி வேலை பார்த்தவருக்கு?

2005 தொடக்கத்தில் மாவட்ட நிர்வாகமும் தொண்டு நிறுவனங்களும் இணைந்து ஓர் ஒருங்கிணைப்பு மையம் அமைத்தன. கிராமங்களில் தகவல் மையங்கள் வந்தன. விடுபட்டவர்களின் குறை அங்கிருந்து அதிகாரிகளுக்குப் போனது. புதிய வீடுகள் கணவன், மனைவி இருவர் பெயரிலும் வழங்கப்பட்டன. பெற்றோரை இழந்த குழந்தைகளின் பெயரில் அரசு வைப்புத்தொகை போட்டது.

எட்டு மாதம் கழித்து, 2005 ஆகஸ்டில் அமெரிக்காவைக் கத்ரீனா சூறாவளி தாக்கியது. அங்கே வெளிநாடுகள் தந்த நன்கொடையில் 6.6 கோடி டாலரைக் கொண்டு 'கத்ரீனா எய்ட் டுடே' என்ற திட்டம் தொடங்கியது. ஒரு குடும்பத்துக்கு ஒரு பணியாளர். வீடு, வேலை, மருத்துவம் என்று அந்தக் குடும்பத்தின் தேவைகளைப் பட்டியலிட்டு, உரிய உதவியோடு இணைத்துவிடுவது அவர் வேலை. இதற்குப் பெயர் 'கேஸ் மேனேஜ்மென்ட்'. 2006-ல் இது அமெரிக்கச் சட்டத்திலும் இடம்பிடித்தது.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. சாய்ந்த தென்னை ஒன்றுக்கு, வெட்டி அகற்றும் செலவு உட்பட 1,100 ரூபாய் அறிவிக்கப்பட்டது. மரத்துக்குக் கணக்கு இருந்தது. அந்தத் தோப்பில் தேங்காய் உரித்துப் பிழைத்தவரின் இழப்பு மரக்கணக்கில் வராது. அம்மையார்குப்பம் போன்ற நெசவு ஊர்களிலும் இதே நிலைதான். மழைநீர் தறிக்குழியில் நின்றால், வீடு இடியாமலே வருமானம் நின்றுவிடும்.

வணிகவியலில் படிக்கும் ஏடுகளில் ஒன்று பேரேடு. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், அதில் வரவும் பாக்கியும். நிவாரணத்துக்கும் அப்படி ஒரு பேரேடு வேண்டும். குடும்பத்தின் பாக்கி தீரும்வரை அந்தப் பக்கத்தை மூடக்கூடாது.