ஸ்மெதிக் தேர்தலும் குடியேற்றக் கொள்கையும்
1964 அக்டோபரில் நிகழ்ந்த பிரித்தானியப் பொதுத்தேர்தலில் தொழிற்கட்சி வென்றது. ஆயினும், பஞ்சாபியர் பலர் வார்ப்பாலைகளில் உழைத்துவந்த ஸ்மெதிக் தொகுதியில், அக்கட்சியின் அயலுறவு அமைச்சராதற்குரியவராகக் கருதப்பட்ட பேட்ரிக் கார்டன் வாக்கர், பழமைக்கட்சியினரான பீட்டர் கிரிபித்ஸிடம் 1,774 வாக்குகளால் தோற்றார். குடியேற்றத்தை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்துதல் வேண்டும் என்பதே கிரிபித்ஸ் கொண்ட கொள்கை. தொகுதியில் பரவிய இனப்பகை முழக்கத்தைக் கண்டிக்கவும் அவர் மறுத்தார். இஃது அவர் புகழுக்கு நீங்கா வடுவாயிற்று. கார்டன் வாக்கரோ, 1962ஆம் ஆண்டுக் காமன்வெல்த்துக் குடியேறுவோர் சட்டத்தை, அது வரைவாயிருந்த 1961இலேயே மன்றத்தில் எதிர்த்து உரைத்தவர்.

எனின், வென்றது எவர் கொள்கை? கெயிட்ஸ்கெல் தலைமையில் அச்சட்டத்தை எதிர்த்த தொழிற்கட்சி, வில்சன் தலைமையில் ஆட்சியேறியபின் அதனை நீக்கிற்றில்லை. 1965 ஆகஸ்டு வெள்ளை அறிக்கையில் வேலைச்சீட்டுகளை ஆண்டொன்றுக்கு 8,500 என மேலும் சுருக்கியது. 1966இல் கிரிபித்ஸ் தொகுதியை இழந்தபோதும் அவ்வரம்பு நீங்கவில்லை.