பிட்சோ: ஒரு மறைப்புச் சொல்லின் வரலாறு

சிசிலித் தீவில் மாஃபியா கும்பல்கள் வணிகரை மிரட்டித் தவணை முறையில் வாங்கும் பணத்துக்குப் பெயர் பிட்சோ. சிசிலி மொழியில் ‘பிட்சு’ என்றால் பறவையின் அலகு. ‘அலகை நனைக்க விடு’ என்பது அங்கே பழைய பேச்சு வழக்கு. பிறர் கிண்ணத்தில் தானும் ஒரு வாய் குடித்துக்கொள்வது என்பது அதன் பொருள். ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகத்தில் நியூயார்க்கின் இத்தாலியர் தெருவில் வசூலுக்கு வரும் ஃபனூச்சி கேட்பதும் இதைத்தான். களத்தில் உழவர் அடித்த கோதுமையிலிருந்து பண்ணை மேற்பார்வையாளர் அலகளவு அள்ளிக்கொள்ளும் உரிமையே இச்சொல்லுக்கு மூலம் என்று ஒரு விளக்கம் உண்டு. சிறையில் படுக்க இடம் பெறக் கொடுத்த காசே மூலம் என்பது மற்றொன்று. இரண்டில் எது சரி என்பதில் அறிஞர் ஒத்துப்போகவில்லை. ஆனால் இரண்டு விளக்கங்களும் ஒரே உறவைத்தான் காட்டுகின்றன: உழைத்தவன் அல்லது அடைபட்டவன் ஒருபுறம், அவன் பங்கில் கைவைக்கும் அதிகாரம் மறுபுறம்.

மிரட்டிப் பெறும் காசு என்ற பொருளில் இச்சொல் 1863-இல் ரிட்சோத்தோ, மோஸ்கா இருவரும் எழுதிய ‘விக்காரியாவின் மாஃபியோசிகள்’ நாடகத்தில் வருகிறது. விக்காரியா என்பது பலேர்மோ சிறை. புதிதாக வந்த கைதி பழைய கைதிகளின் தலைவனுக்குப் பணம் கட்ட வேண்டும் என்பது உள்ளே நடந்த சட்டம். அதே காலத்தில் நேப்பிள்ஸ் சிறைகளில் கமோரா கும்பலும் இதே வசூலை நடத்தியது. அங்கே அதற்குச் சொன்ன பெயர் ‘மாதாவின் விளக்குக்கு எண்ணெய்’. கொள்ளைக்குத் திருவிளக்கின் பெயர் சூட்டப்பட்ட இந்த இடத்தில்தான் சொல்லாராய்ச்சி பெரிய கேள்வி ஒன்றைத் தொடுகிறது: மனிதர் ஒழுக்கத்தோடு வாழ மதம் வேண்டுமா? பிட்சோவின் வரலாறு இதற்குப் பதில் தேட ஏற்ற இடம். பக்திக்குக் குறைவே இல்லாத ஓர் ஊரில், பக்தியுள்ளவர்களே நடத்திய அநீதி அது.

சந்தைகளில் வேரூன்றிய வசூல் என்பதால், பலேர்மோவின் சந்தைகளில் பெயர் பெற்ற வுச்சீரியாவை வைத்து அதைப் பார்க்கலாம். இறைச்சிக் கடையைக் குறிக்கும் ‘பூஷ்ரி’ என்ற பிரெஞ்சுச் சொல் சிசிலியர் வாயில் ‘புச்சிரியா’ ஆகி, பின் ‘வுச்சீரியா’ ஆனது. கூவி விற்கும் இரைச்சல் காரணமாக இன்று சிசிலி மொழியில் அச்சொல்லுக்குக் கூச்சல், குழப்பம் என்ற பொருளும் சேர்ந்துவிட்டது. ரெனாத்தோ குத்தூசோ 1974-இல் தீட்டிய பெரிய ஓவியம் இச்சந்தையை உலகறியச் செய்தது. தொங்கும் மாட்டிறைச்சி, வாள்மீன், பழக்குவியல், நடுவே நெருக்கியடித்து நடக்கும் மக்கள் என்று சந்தை முழுவதும் அதில் இருக்கிறது. பலேர்மோ பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான அவ்வோவியம் ஸ்தேரி மாளிகையில் உள்ளது. அந்த மாளிகைதான் 1600-களின் தொடக்கத்திலிருந்து 1782 வரை சமய விசாரணை மன்றத்தின் இருப்பிடம். கைதிகள் சுவரில் வரைந்த கிறிஸ்துவும் புனிதர்களும் சிறையறைகளில் இன்றும் தெரிகின்றனர். சித்திரவதை செய்தவரும் செய்யப்பட்டவரும் ஒரே கடவுளைத்தான் வேண்டினர். 1782-இல் அந்த மன்றத்தை மூடியவர் அரசப் பிரதிநிதி தொமேனிக்கோ கரச்சோலோ. அறிவொளிக் காலப் பாரிசில் வாழ்ந்து வந்தவர். மறு ஆண்டே வுச்சீரியாவைத் திருத்தியமைத்தவரும் அவரே. சந்தையின் நடுச் சதுக்கம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

பிட்சோ வசூல் நடக்கும் முறை எளிது. கடை திறந்த சில நாளில் ஒருவர் வந்து ‘ஒழுங்குபடுத்திக்கொள்’ என்பார். அல்லது ‘ஒரு நண்பரைப் பார்’ என்பார். கேட்காவிட்டால் காலையில் கதவுப் பூட்டுக்குள் பசை இறுகியிருக்கும். அதற்கும் மசியாவிட்டால் தீ. தொகை பெரும்பாலும் தாங்கக்கூடியதாகவே இருக்கும். எல்லாரும் கட்ட வேண்டும் என்பதுதான் நோக்கம். பணத்தைவிடப் பணிவே முக்கியம். கட்டும் பருவங்கள் மூன்று: கிறிஸ்து பிறப்பு, உயிர்ப்புப் பெருவிழா, ஆகஸ்ட் 15-ஆம் நாள் மாதா விண்ணேற்புத் திருநாள். பேட்டைப் புனிதரின் திருவிழாச் செலவு என்றும், சிறையிலிருப்பவர் குடும்பத்துக்கு உதவி என்றும் காரணம் சொல்வதுண்டு. கடைக்காரர் பறிகொடுத்தோம் என்று நினைக்காமல் நன்கொடை கொடுத்தோம் என்று மனதைத் தேற்றிக்கொள்ள வழி செய்யும் ஏற்பாடு இது. ‘பிட்சோ’ என்ற சொல்லும் அப்படித்தான் உதவியது. சிறிய அலகு, ஒரு சொட்டு, அவ்வளவுதான் என்று அது சொல்லிற்று.

வாங்கியவர்கள் கடவுள் மறுப்பாளர்கள் அல்லர். மாஃபியாவில் சேர்பவன் விரலில் குத்தி, புனிதர் படத்தில் இரத்தம் தடவி, அதைக் கையில் வைத்து எரித்து, துரோகம் செய்தால் தன் உடலும் இப்படி எரியட்டும் என்று சத்தியம் செய்வான். மிக்கேலே கிரேக்கோ என்ற தலைவனுக்குப் ‘போப்’ என்றே பட்டப்பெயர். நாற்பதாண்டுக்கு மேல் தலைமறைவாக இருந்த மற்றொரு தலைவன் பெர்னார்தோ புரொவென்சானோ 2006 ஏப்ரல் 11 அன்று கொர்லேயோனே அருகே ஓர் ஆட்டுப்பண்ணையில் பிடிபட்டபோது, அடிக்கோடிட்டுப் படித்த விவிலியம் அவனிடம் இருந்தது. தட்டச்சு செய்து அவன் அனுப்பிய துண்டுக் கடிதங்கள் ஆசி கூறி முடிந்தன. யாரிடம் எவ்வளவு வசூல் என்ற கணக்குகளும் அதே வகைத் துண்டுக் காகிதங்களில்தான் நடந்தன.

எல்லாவற்றிலும் கூர்ந்து பார்க்க வேண்டிய ஆவணம் 2007 நவம்பர் 5 அன்று கிடைத்தது. மாஃபியாத் தலைவன் சல்வத்தோரே லோ பிக்கோலோ கைதான வீட்டில் வசூல் கணக்குகளோடு ‘உரிமைகளும் கடமைகளும்’ என்று தலைப்பிட்ட தட்டச்சுத் தாள் ஒன்று இருந்தது. பத்து விதிகள். நண்பர்களின் மனைவியரை ஏறிட்டுப் பார்க்கலாகாது. சொந்த மனைவியை மதிக்க வேண்டும். மதுக்கடைகளில் திரியக் கூடாது. கேட்டால் உண்மை சொல்ல வேண்டும். கும்பலைச் சேர்ந்தவர் பணத்தைத் தொடக் கூடாது. சேரத் தகுதியற்றவர் பட்டியலில் ஒழுக்கம் இல்லாதவரும் இருந்தனர். நாளிதழ்கள் இதை மாஃபியாவின் பத்துக் கட்டளைகள் என்றன. அந்தப் பெயர் பொருந்துகிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. இத்தாளில் உள்ள ஒவ்வொரு விதியும் கும்பலுக்கு உள்ளே மட்டுமே செல்லும். கொல்லாதே என்ற விதி இல்லை. கடைக்காரன் இவ்விதிகளின் எல்லைக்கு வெளியே நிற்பவன். ஒழுக்கத்தின் உரைகல் கட்டளைகள் இருப்பதா இல்லாததா என்பதில் இல்லை. அவை யார்வரை நீளுகின்றன என்பதில் இருக்கிறது. பக்தி இந்த எல்லையை அகற்றவும் செய்யலாம், சுருக்கவும் செய்யலாம். சிசிலியில் இரண்டும் நடந்தன.

திருச்சபை நெடுங்காலம் சுருக்கும் பக்கமே நின்றது. பலேர்மோ பேராயராக இருந்த கர்தினால் ருஃபீனி 1964-இல் எழுதிய சுற்றுமடல், மாஃபியா பற்றிய பேச்சைச் சிசிலிக்கு இழைக்கப்படும் அவதூறுகளில் ஒன்றாகவே நோக்கியது. திருப்பம் 1982-இல் வந்தது. செப்டம்பர் 3 அன்று மாவட்ட ஆட்சியர் தல்லா கியேசாவும் அவர் மனைவியும் கொல்லப்பட்டனர். மறுநாள், நகரின் காவற்புனிதை ரொசாலியாவின் திருநாளில், வுச்சீரியாவை ஒட்டிய சான் தொமேனிக்கோ கோயிலில் இறுதிச் சடங்கு நடந்தது. கர்தினால் பப்பலார்தோ அங்கே, ரோம் பேசிக்கொண்டிருக்கையில் சகுந்தம் வீழ்ந்த கதையை எடுத்து அரசைக் கடிந்தார். பலிபீடத்தின் முன் நின்று அவர் நாடியது விவிலியத்தை அல்ல, கிறிஸ்துவுக்கு முற்பட்ட ரோமானியரின் வரலாற்றை. 1993 மே 9 அன்று அக்ரிஜெந்தோவில் போப் இரண்டாம் ஜான் பால் மாஃபியாவினர் மனந்திரும்ப வேண்டும் என்று வெளிப்படையாக முழங்கினார். அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று, தம் 56-ஆம் பிறந்த நாளில், பலேர்மோவின் பிரங்காச்சோ பேட்டைப் பங்குத் தந்தை பினோ புலீசி சுட்டுக் கொல்லப்பட்டார். கும்பல் தந்த திருவிழாப் பணத்தை வாங்க மறுத்தவர் அவர். ஊர்வலத்தின் முன்வரிசையையும் அவர்களுக்குத் தர மறுத்தார். திருவிளக்கு எண்ணெய் என்ற பழைய பொய்யை ஒரு குருவானவரே உடைத்ததால்தான் அவரை அவர்களால் பொறுக்க முடியவில்லை. அவருடைய துணிவின் ஊற்று அவருடைய விசுவாசமே. அதை மறுப்பது நேர்மையாகாது.

புலீசிக்கு இரண்டாண்டு முன்பு அதே நகரில் மறுத்தவர் லிபெரோ கிராஸ்ஸி. 1924-இல் பாசிஸ்டுகள் கொன்ற சோசலிசத் தலைவர் மத்தெயோத்தியின் நினைவாக ‘சுதந்திரன்’ என்று பெயரிடப்பட்டவர். இரவு உடைகள் தைக்கும் சிக்மா ஆலையின் உரிமையாளர். 1991 ஜனவரி 10 அன்று ‘ஜொர்னாலே தி சிசிலியா’ நாளிதழில் மிரட்டுபவரை விளித்து அவர் எழுதிய மடல் வெளிவந்தது. பணம் தர முடியாது என்று அறிவித்தார். தொலைக்காட்சியிலும் பேசினார். அவர் கடவுளின் பெயரையோ நரகத்தையோ காரணமாகச் சொல்லவில்லை. கட்டினால் தொழில்முனைவோனாக என் மானத்தை இழப்பேன், என் முடிவுகளை மாஃபியாவோடு பங்கிட மாட்டேன் என்பதே அவர் வாதம். மற்ற வணிகர் அவரோடு நிற்கவில்லை. ஊர்ப் பெயரைக் கெடுக்கிறார் என்ற பேச்சும் எழுந்தது. ஆகஸ்ட் 29 காலையில் வீட்டருகே தெருவில் சுடப்பட்டு இறந்தார். மிரட்டலுக்கு உள்ளானோருக்கு உதவி நிதி அமைக்கும் அவசரச் சட்டம் அவ்வாண்டின் கடைசி நாளில் பிறப்பிக்கப்பட்டது.

2004 ஜூன் 29 காலையில் நகர மையத்துச் சுவர்களில் இரங்கல் அறிவிப்பு போன்ற கறுப்பு விளிம்புச் சிறு ஒட்டிகள் காணப்பட்டன. பிட்சோ கட்டும் மக்கள் முழுவதுமே மானமற்ற மக்கள் என்பது அவற்றின் செய்தி. ஒட்டியவர்கள் மதுக்கடை ஒன்று திறக்கத் திட்டமிட்டிருந்த இளைஞர்கள். கணக்குப் போடுகையில் பிட்சோவையும் செலவில் எழுத வேண்டுமே என்று திடுக்கிட்டவர்கள். அவர்கள் தொடங்கிய இயக்கத்தின் பெயரே சொல்வரலாற்றில் புது ஏடு: ‘அதியோபிட்சோ’, பிட்சோவுக்குப் பிரியாவிடை. ஒன்றரை நூற்றாண்டு காதோடு காதாகப் புழங்கிய சொல் அன்று சுவரில் ஏறியது. 2006-இல் கட்ட மறுக்கும் நூறு வணிகரின் பட்டியல் வெளிவந்தது. அவர்களிடமே வாங்குவோம் என்று ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர் கையெழுத்திட்டனர். கிராஸ்ஸியைக் கொன்றது குண்டு மட்டுமல்ல, தனிமையும்தான் என்று அவர்கள் கண்டுகொண்டதே இந்த ஏற்பாட்டின் உள்ளுயிர். கோயிலுக்குப் போகிறவர், போகாதவர் என்ற கேள்வி அப்பட்டியலில் இல்லை.

கடவுளை நம்பாதவர்கள் கூடி வாழும் சமுதாயமும் ஒழுங்காக நடக்கும் என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் பியேர் பெய்ல் 1682-இல் எழுதியபோது ஐரோப்பா அதிர்ந்தது. மனிதர் தம் கொள்கைப்படி நடப்பதில்லை, பழக்கத்தின்படியும் பிறர் மதிப்பின்படியும் நடக்கிறார்கள் என்பது அவர் கண்டறிந்தது. 1880-களில் சென்னையில் வெளிவந்த ‘தத்துவவிவேசினி’ இதழைச் சுற்றித் திரண்ட தமிழரும் மதத்திலிருந்து ஒழுக்கத்தைப் பிரித்துப் பேசினர். பெய்லின் வாதத்துக்குப் பலேர்மோ பின்னாளில் சான்று தந்தது. 2016-இல் வுச்சீரியாவுக்கு நடந்து போகும் தொலைவிலுள்ள மக்கேதா தெருவில் கடை வைத்திருந்த வங்கதேசத்தவர் சிலர், வசூலித்தவர்களைக் காவல்துறைக்குக் காட்டிக் கொடுத்தனர். பெரும்பாலும் முஸ்லிம்கள், ஊருக்குப் புதியவர்கள். கத்தோலிக்க உள்ளூர்க்காரர் பலர் அஞ்சிய ஒன்றை அவர்கள் செய்தனர். அதியோபிட்சோ துணை நின்றது, கைதுகளும் நடந்தன.

பலேர்மோவில் வாழும் ஈழத்தமிழருள் இந்துக்களும் பெல்லெகிரீனோ மலையேறி ரொசாலியாவை வணங்குகின்றனர். பிட்சோவைத் தமிழில் சொல்ல அவர்களிடம் ‘கப்பம்’ என்ற சொல் உண்டு. சிற்றரசன் பேரரசனுக்குச் செலுத்திய திறையின் பெயர், இலங்கையில் மிரட்டிப் பறிக்கும் பணத்துக்கு ஆகிவந்தது. தமிழ்நாட்டில் அதற்கு ‘மாமூல்’. வழக்கமாகச் செய்யப்படுவது என்ற பொருளுடைய அரபுச் சொல் அது. அலகு, திறை, வழக்கம்: மூன்றுமே வாங்குகிறவன் பக்கம் நின்று பேசும் பெயர்கள். நடைபாதையில் பூ விற்பவரிடம் அடாவடியாகப் பிடுங்கும் பணத்தை ‘மாமூல்’ என்று எழுதும்போது நாளிதழும் அந்தப் பக்கம் சேர்ந்துகொள்கிறது. பாரதிய நியாய சம்ஹிதையின் 308-ஆம் பிரிவு அச்செயலைக் குற்றமாக வைத்திருக்கிறது. அச்சுறுத்திப் பறித்தல் என்ற சட்டத் தமிழும் கைவசம் இருக்கிறது. செய்தி எழுதுவோர் அச்சொல்லையே எழுத வேண்டும்.